தோல் தாயுடையது, பருப்பு பிள்ளையுடையது: நிலக்கடலைக் கலப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களில் ஒன்றான ஒலீயிக் அமிலம் கூடுதலாக உள்ள நிலக்கடலை சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது. சாதாரண ரகங்களின் எண்ணெயில் இந்த அமிலம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும். உயர் ஒலீயிக் ரகங்களில் 80-ஐ எட்டும். ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987-இல் இப்படியொரு நிலக்கடலையை அறிவித்தார்கள். இந்தியாவில் கிர்னார் 4, கிர்னார் 5 ரகங்கள் 2020-இல் வந்தன. இந்தக் குணத்தை மகரந்தக் கலப்பு மூலம் வேறு ரகத்துக்குக் கொண்டுவர முயலும் மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு.

முதலாவது, ஒரு விதை முழுவதும் ஒரே தலைமுறை என்று நினைப்பது. பருப்பைச் சுற்றியுள்ள மெல்லிய தோல் தாய்ச்செடியின் திசு. உள்ளேயுள்ள வித்திலைகள்தான் அடுத்த தலைமுறை; எண்ணெய் இருப்பது அங்கே. வெளிர் தோல் கொண்ட தாயில் சிவப்புத் தோல் ரகத்தின் மகரந்தத்தை இட்டால், கிடைக்கும் கலப்பு விதையின் தோல் வெளிறித்தான் இருக்கும். கலப்பு பிடிக்கவில்லை என்று அதைத் தூக்கிப்போட்டுவிடக் கூடாது. அதை விதைத்து வளர்ந்த செடியில் காய்க்கும் பருப்புகளைப் பாருங்கள்: தோல் எல்லாவற்றிலும் ஒரே நிறம், எண்ணெயின் ஒலீயிக் அளவோ பருப்புக்குப் பருப்பு வேறு. ஒரே செடியின் காய்கள் என்று சேர்த்து அரைத்துச் சோதித்தால் சராசரி 50-ஐச் சற்றே தாண்டி நிற்கும், நீங்கள் தேடிய பருப்பும் மாவோடு போய்விடும். ஒவ்வொரு பருப்பையும் தனியாகச் சோதிக்க வேண்டும். முளை இல்லாத முனையில் சிறு துண்டு சீவிச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, மீதியை விதைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கணக்கு. இந்தக் குணத்தைத் தருவது இரண்டு ஒடுங்கு மரபணுக்கள் (இரு பிரதியும் ஒரே மாதிரி இருந்தால்தான் வெளிப்படுபவை). இரண்டும் இரட்டையாகச் சேர்ந்தால்தான் முழுதாக வெளிப்படும். அதனால் இரண்டாம் தலைமுறையில், அதாவது கலப்புச் செடியில் காய்க்கும் பருப்புகளில், 16-க்கு ஒன்றுதான் உயர் ஒலீயிக். பத்துப் பருப்பைப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று முடிவுகட்டுபவர்கள் பாதிக்கு மேற்பட்ட தடவை ஏமாறுவார்கள். 95 சதவீத நிச்சயம் வேண்டுமானால் குறைந்தது 47 பருப்பாவது வேண்டும். அதே சமயம் 15:1 (15 சாதாரணப் பருப்புக்கு ஒரு உயர் ஒலீயிக்) என்பதை வேதவாக்காகவும் கொள்ள வேண்டாம். கொடி ரகங்கள் பலவற்றில் இரண்டில் ஒரு மரபணு ஏற்கெனவே மாறித்தான் இருக்கிறது. அவற்றோடு கலந்தால் 3:1 வரும். சோதனை தப்பு என்று பதறத் தேவையில்லை.

இதே கணக்கை எண்ணெய் அளவுக்கும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பது, பருவமும் மண்ணும் வேறு அதை ஆட்டுவிக்கும். ஒரு பருவத்து அளவை வைத்துச் செடியைத் தேர்ந்தெடுப்பது கிட்டத்தட்டக் குலுக்கல் சீட்டு.

அப்புறம், முற்றாத பருப்பைச் சோதனைக்கு அனுப்பாதீர்கள். முற்ற முற்றத்தான் ஒலீயிக் ஏறும். காய் முற்றும் சமயம் குளிர் கூடுதலாக இருந்தாலும் சாதாரண ரகங்களில் அது குறையும். ஆகவே தாய், தந்தை ரகங்களையும் அதே வயலில், அதே நாளில் விதைத்து, அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.