மதுரையில் ஐந்து நாள் குறும்படப் பட்டறை நடத்துவது எப்படி?

படத்தொழில் சென்னையில் இருக்கிறது. படமெடுக்கும் ஆசையோ மேலூரிலும் உசிலம்பட்டியிலும் இருக்கிறது. கரீபியன் தீவுகளின் இளைஞர்களுக்கும் ஏறத்தாழ இதே சங்கடம்தான். கியூபாவின் தலைநகர் ஹவானாவுக்கு அருகே சான் அன்டோனியோ டே லோஸ் பான்யோஸ் என்ற ஊரில் 1986ஆம் ஆண்டு எழுத்தாளர் கார்சியா மார்க்வெஸ், இயக்குநர் பெர்னாண்டோ பிர்ரி முதலானோர் ஒரு திரைப்படப் பள்ளியைத் தொடங்கியபோது, தொழிலில் இருக்கும் கலைஞர்களே வந்து சொல்லித்தர வேண்டும், மாணவர் தம் கையாலேயே படமெடுத்துக் கற்க வேண்டும் என்பதையே அடிப்படையாக வைத்தார்கள். நம் ஊர்ப் பட்டறைக்கும் இந்த வழி பொருந்தும். ஐந்தாம் நாள் மாலையில் ஒவ்வொரு குழுவின் கையிலும் முடிந்த படம் ஒன்று இருக்க வேண்டும். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அதற்காகவே.

பங்கேற்பாளர் பன்னிரண்டு பேர் போதும். நால்வராக மூன்று குழு அமையுங்கள். அதற்கு மேல் சேர்த்தால் மீதிப் பேர் வேடிக்கை பார்ப்பவர்களாகி விடுவார்கள்.

முதல் நாள் கேமராவைத் தொட விடாதீர்கள். விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அழைத்துச் சென்று, நோட்டுப் புத்தகத்தோடு இரண்டு மணி நேரம் நிற்க வையுங்கள். மூட்டையிலிருந்து மல்லிகை கொட்டும் மெல்லிய ஓசை, தராசுத் தட்டு இடிக்கும் சத்தம், விலை படியாமல் நகரும் பெண்ணை வியாபாரி திரும்பக் கூப்பிடும் தொனி என்று காதில் விழுந்ததை மட்டுமே எழுதச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பிலிருந்தே மூன்று நிமிடக் கதை பிறக்க வேண்டும்: இரண்டு பேர், ஓர் இடம், அவர்களில் ஒருவருக்குத் தேவையான ஒரு பொருள். அரிவாள் வரும் கதைக்கு அனுமதி இல்லை என்பதையும் அப்போதே சொல்லி விடுங்கள்; மதுரை என்றாலே அரிவாள் என்று நம் பிள்ளைகளையே சினிமா நம்ப வைத்திருக்கிறது.

இரண்டாம் நாள் வசனத்தை உரக்க வாசிக்கச் செய்யுங்கள். “அம்மா, நான் புறப்படுகிறேன்” என்று எழுதி வந்தவர், தம் வீட்டு வாசலில் நின்று சொல்வது போலச் சொல்லிப் பார்த்தால் “போய்ட்டு வாரேம்மா” என்றுதான் வரும். அப்படியே எழுதிக் கொள்ளட்டும்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் படப்பிடிப்பு. கைபேசி கேமராவே போதும், ஆனால் அதைத் தானாக இயங்க விடக் கூடாது. நான் நடத்திய முதல் பட்டறையில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த காட்சி முழுவதும் கறுப்புப் பட்டைகள் ஓடி, ஒரு நாள் உழைப்பு வீணாயிற்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டரை, அதாவது ஒரு ஃபிரேமுக்கு (ஒரு தனிப் படத்துக்கு) கேமரா ஒளியை வாங்கும் நேரத்தை, 1/50 நொடியில் வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு துடிப்புகள் அடங்கிவிடும், பட்டை தெரியாது. எனவே நொடிக்கு 25 ஃபிரேம், 1/50 ஷட்டர். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள கரீபியன் தீவான டிரினிடாடில் இதையே 30 ஃபிரேம், 1/60 என்று வைக்க வேண்டும். ஆகவே இணையத்தில் பார்க்கும் அளவுகளை அப்படியே எடுத்துக் கொள்ளாதீர்கள்.

படம் சற்றுக் கலங்கினாலும் பார்ப்பவர் பொறுத்துக் கொள்வார். வசனம் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார். ஆகவே சட்டையில் செருகும் மைக் ஒன்றை வாங்குவதே முதல் செலவாக இருக்கட்டும். ஆடி மாதத்தில் பட்டறை வைக்காதீர்கள்: தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் ஒலிபெருக்கி கட்டியிருக்கும் நாட்களில் ஒரு டேக்கும் தேறாது. ஒவ்வோர் இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும் யாரும் பேசாமல் முப்பது நொடி அந்த இடத்தின் ஓசையைப் பதிவு செய்து கொள்ளுங்கள். வெட்டி ஒட்டிய இடங்களை மூட அதுவே கைகொடுக்கும். திருமலை நாயக்கர் மகால், கீழக்குயில்குடி சமணர் மலை போன்ற தொல்லியல் இடங்களுக்கு முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஐந்து நாளில் அது நடக்கும் காரியமல்ல, தெருவையும் வீட்டுத் திண்ணையையும் வைத்தே முடியுங்கள்.

ஐந்தாம் நாள் காலையில், எடுத்த அனைத்தையும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் பிரதி எடுத்த பிறகே படத்தொகுப்பைத் தொடங்குங்கள். மாலையில் சுவரில் வேட்டி கட்டித் திரையிடும்போது, எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. பார்த்தவர்கள் தமக்குப் புரிந்த கதையைச் சொல்லி முடித்த பிறகே, தாம் எடுக்க நினைத்தது என்ன என்பதை அவர் சொல்லலாம்.