'இம்' போனதும் 'படம்' வந்தது

என் 5 வயது மகளுக்கு எழுத்துகள் தெரியும். கூட்டிப் படிக்கத்தான் வரவில்லை. 'படம்' என்பதை 'ப, ட, இம்' என்று சொல்லிவிட்டு விழிப்பாள். அட்டையில் பெரிதாக எழுதிக் காட்டினேன், திரும்பத் திரும்ப எழுத வைத்தேன். 10 நாள் வீண்.

அப்புறம்தான் கவனித்தேன்: 'படகு', 'நிலா' எல்லாம் தடையில்லாமல் வருகிறது. புள்ளி எழுத்தில்தான் சிக்கல். இக், இங், இம் என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். அந்த 'இ', புள்ளி எழுத்தைச் சொல்லிக்காட்டச் சேர்ப்பது; சொல்லுக்குள் அது கிடையாது. அவள் அதையும் சேர்த்தே கூட்டியிருக்கிறாள்.

சரி, அட்டைகளை ஒதுக்கிவிட்டு வாயாலேயே விளையாடினோம். நான் 'மர' என்று நிறுத்துவேன். அவள் உதட்டை மூடி 'ம்ம்ம்' என்று ஒட்டுவாள். அடுத்து 'பழம்' சொல்லில் 'ம்'மை விட்டுச் சொல்வது: 'பழ'. ல், ன், ள் இழுத்துச் சொல்ல எளிது. க், ட், ப் நீளாது என்பதால் கடைசிக்கு வைத்தேன்.

நான்காம் நாள் பழைய அட்டையைக் காட்டினேன். 'பட... ம்ம்... படம்!'