கதிரியக்கத் தூசி விழுந்த ஊரில் வளர்ந்தவரா? தைராய்டை இப்படிக் கவனியுங்கள்

டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: தூசி விழுந்தபோது எங்கே இருந்தீர்கள், என்ன வயது, என்ன பால் குடித்தீர்கள்.

பால் எதற்கு? அணுகுண்டு சோதனையிலோ அணு உலை விபத்திலோ வெளிவரும் அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடின் புல்லில் படியும், மாடு அதை மேயும், ஓரிரு நாளில் பாலில் வந்துவிடும். குழந்தையின் தைராய்டு சின்னது, குடிக்கும் பாலோ அதிகம், அதனால் பெரியவர்களை விடப் பல மடங்கு கதிர்வீச்சு அந்தச் சுரப்பிக்குள் போய்ச் சேர்கிறது. ஆட்டுப்பாலில் அயோடின் இன்னும் அதிகமாகச் சேரும், குடித்திருந்தால் கட்டாயம் எழுதுங்கள். 1986 ஏப்ரலில் செர்னோபில் உலை வெடித்த பிறகு பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவில் தைராய்டு புற்றுநோய் பெருகியது முக்கியமாக அன்றைய குழந்தைகளிடமும் பதின்வயதினரிடமும்தான். அன்றைக்கே பெரியவராக இருந்தவர் அவ்வளவு பயப்பட வேண்டாம். கூடப் பிறந்தவர்களுக்கும் சொல்லுங்கள், அவர்களும் அதே பாலைக் குடித்தவர்கள்தானே.

அப்புறம், பழைய பாதிப்புக்காக இப்போது அயோடின் மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். அயோடின்-131-இன் அரை ஆயுள் 8 நாள், அதாவது எட்டு நாளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும், சில மாதங்களிலேயே அது அநேகமாக மறைந்திருக்கும். அந்த மாத்திரை கதிர்வீச்சு வருவதற்குச் சற்று முன்போ, வந்த சில மணி நேரத்துக்குள்ளோ போட்டால்தான் பயன்.

கழுத்தை நீங்களே பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, ஒரு வாய் தண்ணீரை விழுங்கும்போது குரல்வளைக்குக் கீழே, காறை எலும்புக்கு மேலே உள்ள இடத்தைக் கவனியுங்கள், ஏதாவது புடைப்பு மேலேறி இறங்குகிறதா என்று. தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றாலும் டாக்டர் ஒருமுறை கையால் தடவிப் பார்ப்பது நல்லது, சின்னக் கட்டிகள் கண்ணுக்குத் தெரியாது.

ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைப் பாருங்கள், ஆனால் அது நார்மல் என்று வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள், தைராய்டில் புற்றுநோய் இருப்பவர்களுக்கும் அது நார்மலாக வரும். அந்தப் பரிசோதனை சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். அதுவும் முக்கியம்தான்: 1954-இல் பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளின் பிகினியில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ரோங்கெலாப் தீவில் விழுந்தது, அங்கே கைக்குழந்தையாக இருந்த இரண்டு சிறுவர்களுக்குத் தைராய்டு செயலிழந்து வளர்ச்சியே குன்றிப்போனது.

கழுத்தில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எல்லாருக்கும் வேண்டுமா? வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அறிகுறி இல்லாத எல்லாரையும் தேடித்தேடி ஸ்கேன் செய்தால், வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தராத துளிப் புற்றுநோய்களும் அகப்படும், அதற்காகக் கத்தி வைக்க வேண்டிவரும். அதனால்தான் 2018-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் நிபுணர் குழு மொத்த மக்களுக்கும் ஸ்கேன் வேண்டாம் என்றது. கருவிலோ சிறுவயதிலோ பதின்வயதிலோ தைராய்டுக்கு 100 முதல் 500 மில்லிகிரே (உடல் உறிஞ்சும் கதிர்வீச்சின் அளவு) வரையோ அதற்கு மேலோ கதிர்வீச்சு பட்டவர்களுக்கு மட்டும் நீண்டகாலக் கண்காணிப்பைப் பரிசீலிக்கலாம் என்றது. உங்கள் அளவு தெரியவில்லையா? அந்தத் தாளைக் காட்டி டாக்டரோடு பேசி முடிவெடுங்கள்.

கட்டி இருந்தால் பதறாதீர்கள், பெரும்பாலான தைராய்டு கட்டிகள் புற்றுநோய் அல்ல. சந்தேகம் என்றால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் கொஞ்சம் செல்களை எடுத்துச் சோதிப்பார்கள். அந்த முடிவு வரும்வரை ஆபரேஷனுக்குச் சம்மதிக்க அவசரப்படாதீர்கள். குரல் வாரக்கணக்கில் கரகரப்பாகவே இருந்தாலோ, விழுங்கச் சிரமமானாலோ, கட்டி வேகமாக வளர்ந்தாலோ மட்டும் தள்ளிப்போடாமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.