அமெரிக்கப் புரொஜெக்டரை 230 வோல்ட்டில் ஓட்டுவது எப்படி?

அமெரிக்காவில் வாங்கிய பழைய 16 மி.மீ. அல்லது சூப்பர் 8 ஃபிலிம் புரொஜெக்டர் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறதா? பிளக்கில் அடாப்டர் ஒன்றை மாட்டிச் சுவரில் செருகிவிடாதீர்கள். அந்த இயந்திரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் கிடைப்பது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும். நேராக 230 வோல்ட் பாய்ந்தால் விளக்கு அந்தக் கணமே போய்விடும்.

வோல்ட்டைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். அது காசு கொடுத்தால் தீர்கிற சிக்கல். பலரும் கவனிக்காமல் விடுவது ஹெர்ட்ஸில், அதாவது மின்னலை வினாடிக்கு எத்தனை சுற்று வருகிறது என்பதில், 60க்கும் 50க்கும் இடையிலான வேறுபாட்டைத்தான்.

முதல் வேலை, இயந்திரத்தின் அடியிலோ பின்புறமோ உள்ள தகட்டைப் படிப்பது. வோல்ட், வாட், ஹெர்ட்ஸ் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹெர்ட்ஸுக்குப் பதில் சைக்கிள் என்று போட்டிருந்தாலும் பொருள் ஒன்றுதான். பக்கத்தில் வோல்டேஜ் மாற்றும் திருகு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆஸ்திரியாவின் ஆய்மிக் போன்ற ஐரோப்பியத் தயாரிப்புகள் பலவற்றில் அது உண்டு. இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் செலவு மிச்சம்.

அடுத்தது மோட்டார். தகட்டில் 'ஏசி/டிசி' என்று இருந்தாலோ, மோட்டாரின் இரு பக்கமும் கார்பன் பிரஷ்களுக்கான மூடிகள் தெரிந்தாலோ நிம்மதி அடையலாம். அந்த வகை மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைச் சார்ந்ததன்று. பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் 50 ஹெர்ட்ஸில் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். வினாடிக்கு 24 சட்டகங்கள் (ஃப்ரேம்கள்) ஓட வேண்டிய படம் 20 ஆகிவிடும். ஒலியும் இறங்கும்: ஐந்து கட்டையில் பாடுபவர் மூன்று கட்டையில் பாடுவதுபோல் கேட்கும். பேசும் படத்தை அப்படிப் பார்ப்பதைவிடப் பார்க்காமல் இருப்பது மேல் என்பது என் கட்சி.

மூன்றாவதாக ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். இது வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. தகட்டில் உள்ள வாட்டைவிட ஒன்றரை மடங்கு திறன் கொண்டதை வாங்குங்கள். பழைய 16 மி.மீ. இயந்திரங்களில் விளக்கு மட்டுமே 750 வாட் இழுப்பதுண்டு; மோட்டாரும் ஒலிபெருக்கியும் சேர்ந்தால் 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படும். நல்ல கனமாக இருக்கும். 110, 120 என இரண்டு முனைகள் இருந்தால் 110ஐத் தேர்ந்தெடுங்கள். நம் ஊரில் வோல்டேஜ் 240ஐத் தாண்டும் நேரங்களில், அந்த ஐந்து சதவீத ஏற்றமே விளக்கின் ஆயுளைப் பாதியாக்கப் போதும். இந்த விளக்குகள் பலவற்றுக்கு ஆயுளே 25 மணி நேரம்தான். 60 ஹெர்ட்ஸ் மோட்டாரும் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும் என்பதால் வோல்ட் குறைவது அதற்கும் நல்லது.

பயணிகள் ஹேர் டிரையருக்கு வாங்கும் கையடக்க மின்னணுக் கன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம். அது மின்னலையை வெட்டித் தருவது, மோட்டாருக்கு ஆகாது.

இனி ஓட்டிப் பார்க்கலாம். முதலில் ஃபிலிம் இல்லாமல், விளக்கை அணைத்து, மோட்டாரை மட்டும் ஓட விடுங்கள். கருகல் வாசம் வந்தால் நிறுத்துங்கள். வால்வு ஒலிபெருக்கி உள்ள இயந்திரமானால் அதற்கும் முன்பே, பழைய மின்தேக்கிகளை (கெப்பாசிட்டர்) விவரம் தெரிந்த ரேடியோ மெக்கானிக்கிடம் காட்டி மாற்றிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும், நீங்களே கைவைக்காதீர்கள்.

பிறகு, போனாலும் கவலைப்படாத ஒரு சுருளை மாட்டுங்கள். 50 அடி சூப்பர் 8 சுருள் வினாடிக்கு 18 சட்டகங்களில் 3 நிமிடம் 20 வினாடியில் முடிய வேண்டும். நான்கு நிமிடம் எடுத்தால் உங்கள் மோட்டார் ஹெர்ட்ஸுக்குக் கட்டுப்பட்டது. 16 மி.மீ. ஒலிப்படமென்றால் 100 அடிக்கு 2 நிமிடம் 47 வினாடி. 50 ஹெர்ட்ஸில் அது 3 நிமிடம் 20 ஆகும். மெதுவாக ஓடும்போது குளிரூட்டும் விசிறியும் பெரும்பாலும் அதே மோட்டாரில் இருப்பதால் காற்று குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வேகத்தைச் சரிசெய்ய இரண்டு வழிகள். பெல்ட்டில் ஓடும் இயந்திரமானால் மோட்டார் புல்லியை 1.2 மடங்கு விட்டத்தில் புதிதாகச் செய்யலாம். பெல்ட் உட்காரும் இடத்தில் 20 மி.மீ. இருந்தால் 24 மி.மீ. லேத் பட்டறையில் பழைய புல்லியைக் கொடுத்தால் கடைந்து தருவார்கள். ஐரோப்பாவுக்கென்று அதே மாடல் வெளிவந்திருந்தால் அதன் புல்லியைத் தேடிப்பிடிப்பது இன்னும் எளிது.

இன்னொரு வழி எனக்குப் பிடித்தது: கார் பேட்டரியில் இயங்கும் அமெரிக்க இன்வெர்ட்டர். சுத்தமான சைன் அலை, 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்க வேண்டும். புரொஜெக்டருக்கு அது சொந்த ஊர் மின்சாரம். எதையும் கழற்ற வேண்டியதில்லை. 150 வாட் விளக்குள்ள சூப்பர் 8க்கு 500 வாட் இன்வெர்ட்டர் போதும். 750 வாட் விளக்குக்கு இதை யோசிக்காதீர்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 70 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.