ஜாஸ் கிட்டாரின் தெளிந்த ஒலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாஸ் வாசிக்கப்போகிறோம் என்றதும் பலர் கிட்டாரின் டோன் குமிழை, அதாவது கூர்மையான உயர் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழை, பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். தனியே வாசிக்கும்போது அது இதமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு சி மேஜர் 7 கார்டை (சி, இ, ஜி, பி ஆகிய ஸ்வரங்களின் கூட்டு) மீட்டிப் பாருங்கள். அதிலுள்ள பி ஸ்வரம் தனியாகக் காதில் விழுகிறதா? அந்தக் கார்டின் நிறமே அதில்தான் இருக்கிறது. டோனை மெல்லத் திறந்துகொண்டே வந்தால், பெரும்பாலான கிட்டார்களில் 4, 5 அருகே அது தலைகாட்டும். அங்கே நிறுத்துங்கள்.

இதிலேயே இன்னொரு தவறும் ஒளிந்திருக்கிறது. டோனைச் சரிசெய்த பிறகு வால்யூமைக் குறைப்பார்கள். சாதாரண கிட்டார்களில் வால்யூமைக் குறைத்தாலே ட்ரெபிளும், அதாவது அந்த உயர் ஒலிகளும், கொஞ்சம் கரைந்துபோகும். ஆகவே முதலில் வால்யூமை 7 அல்லது 8-இல் வையுங்கள், டோனை அதன்பிறகு தொடுங்கள். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம், ஆம்ப்ளிஃபயரை முட்டி ஒலியைக் கரகரப்பாக்குவதும் இதனால் குறையும்.

ஆம்ப்ளிஃபயரில் எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்தால் ஒலி சமநிலையாக இருக்கும் என்று நினைப்பது மிகவும் பரவலான தவறு. ஃபெண்டர் வகை ஆம்ப்ளிஃபயர்களில் அப்படி வைத்தால் மிட் எனப்படும் நடுத்தர ஒலிப் பகுதி பள்ளமாகிவிடும். கிட்டாரின் குரல் வாழ்வதே அந்தப் பகுதியில்தான். பேஸ் (தாழ்ந்த ஒலி) 2, ட்ரெபிள் 3 அல்லது 4, மிட் 7-க்கு மேல் என்று தொடங்கிப் பாருங்கள், கிட்டார் பேசத் தொடங்கும்.

வீட்டில் குறைந்த சத்தத்தில் அமைத்த ஒலியை அப்படியே மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். மெல்லிய சத்தத்தில் நம் காதுக்குப் பேஸ் குறைவாகவே கேட்கும் என்பதால் கூட்டி வைத்திருப்போம். சத்தம் ஏறியதும் அது டபுள் பேஸ் கலைஞரின் இடத்தில் போய் மோதும். இதை நான் ஒத்திகைகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கழுத்துப்பக்கப் பிக்கப்பின் தடித்த கம்பிப் பக்கத்தைச் சற்று இறக்கினாலே பாதிக் குமுறல் அடங்கிவிடும்.

ஜாஸுக்கென்றே பலர் தேடும் குழிவுடல் கிட்டார் இல்லையே என்று காத்திருக்கவும் வேண்டாம். கனடாவின் ஜாஸ் கிட்டார் கலைஞர் எட் பிக்கர்ட், திட உடல் கொண்ட டெலிகாஸ்டர் கிட்டாரில்தான் அத்தனை அழகான ஜாஸ் வாசித்தார். கிட்டாரை மாற்றும் முன் கம்பியை மாற்றுங்கள். 0.009 அங்குலக் கம்பிக்குப் பதிலாக 0.012 பிளாட்வௌண்ட் (வழவழப்பான மேற்பரப்புள்ள கம்பி) போட்டால் ஸ்வரத்துக்குச் சதை பிடிக்கும், விரல் உராயும் கீச்சொலியும் மறையும்.

கடைசியாகக் கை. அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரியின் உருண்ட ஒலிக்காகக் குமிழ்களோடு மல்லுக்கட்டுபவர்கள், அவர் பிக் (மீட்டும் சிறு தகடு) இல்லாமல் கட்டைவிரலால் மீட்டியவர் என்பதை மறந்துவிடுகிறார்கள். பிக்தான் வேண்டுமென்றால் தடித்ததாக எடுத்து, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை விட்டு விலகி, விரல் பதிக்கும் ஃபிரெட் போர்டு முடியும் இடத்தில் மீட்டுங்கள். ஒரே ஸ்வரத்தை இரண்டு இடத்திலும் மாறிமாறி வாசித்தால், எந்தக் குமிழும் தராத வித்தியாசம் கேட்கும்.