டீயைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

சென்னையில் நர்சிங் படிக்கும் தங்கைகளே, தம்பிகளே, காலை டூட்டிக்கு ஓடும் அவசரத்தில் டிபனை விழுங்கிவிட்டு, கையோடு டீயும் குடித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். டீ, காபியில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள், கீரை, பயறு, கேழ்வரகில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கின்றன. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

வைட்டமின் சி இதற்கு நேர் எதிர். ஹாஸ்டலில் முருங்கைக்கீரைப் பொரியல் போட்டால், தட்டில் விழுந்த பிறகு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் சூட்டில் வைட்டமின் கொஞ்சம் போய்விடும். கொய்யா, நெல்லிக்காயும் நல்லதுதான். மெரினாவில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் வாங்கினால் தயவுசெய்து மாங்காயை ஒதுக்காதீர்கள்!

அப்புறம், கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போது, "டீயோட போடாதீங்கக்கா, கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்துல போடாதீங்க" என்று சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போகலாம், அது மாத்திரையால்தான் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வார்த்தையைக் கேட்காததால் பயந்துபோய் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது.

உங்களுக்கே அடிக்கடி அசதி, மூச்சு வாங்கல் இருந்தால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். கர்ப்பமில்லாத பெண்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. உணவோடு நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள்.