கப்பலில் இருந்தபடி கணினித் தடயவியல் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து சரக்குக் கப்பலுக்குப் போகும் தம்பிகள் சிலர், நாளைக்குக் கரையில் ஒரு வேலை வேண்டுமே என்று சைபர் செக்யூரிட்டியும், கணினியில் என்ன நடந்தது என்று தடயம் தேடிச் சொல்லும் கணினித் தடயவியலும் படிக்கத் தொடங்குகிறார்கள். நல்ல யோசனைதான். வாட்ச் எனும் முறைப்பணி முடிந்து கேபினுக்குள் வந்துவிட்டால் தொந்தரவு செய்ய ஆள் கிடையாது. நெட் இல்லை என்பதை எல்லோரும் குறையாகச் சொல்கிறார்கள். என் கணக்கில், படிப்பைக் கெடுப்பது கப்பல் ஏறுமுன் செய்யாத ஏற்பாடும் ஏறியபின் வரும் அவசரமும்தான்.

இருப்பதிலேயே மோசமான தவறு, கப்பலின் நெட்வொர்க்கிலேயே கைவரிசை காட்டுவது. நெட்வொர்க்கில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று துழாவும் என்மேப் மென்பொருளில் சும்மா ஒரு ஸ்கேன் என்றுதான் ஆரம்பிக்கும். இன்ஜின் கட்டுப்பாட்டில் உள்ள பழைய பிஎல்சி கருவிகள் (இயந்திரங்களை இயக்கும் சிறு கணினிகள்) சில, எதிர்பாராத பாக்கெட், அதாவது தரவுத் துண்டு, வந்தாலே உறைந்து நின்றுவிடும். நடுக்கடலில் அப்படி ஆனால் கேப்டனிடம் என்ன சொல்வது? சர்வதேசக் கடல்சார் அமைப்பின் 2017 தீர்மானப்படி, 2021 முதல் சைபர் ஆபத்தும் கப்பலின் பாதுகாப்பு நிர்வாகத்துக்குள் வந்துவிட்டது. விளையாட்டுக்குச் செய்தேன் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலும், அனுமதியில்லாமல் பிறர் கணினிக்குள் நுழைவது 43ஆம் பிரிவில் வரும். மோசடி நோக்கம் இருந்தால் 66ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. உங்கள் லேப்டாப்பிலேயே கணினிக்குள் கணினி ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு மெஷின் போட்டு, வெளித்தொடர்பை அறுத்துவிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றைத் தாக்கிப் பழகுங்கள். போதும்.

அடுத்தது, வீடியோவாக இறக்கி வைத்துக்கொண்டு பயிற்சிக்கு ஒன்றும் எடுத்துப் போகாமல் இருப்பது. ஊரில் நல்ல நெட் இருக்கும்போதே டிஸ்க்கை ஆராயும் ஆட்டாப்ஸி, நெட்வொர்க் போக்குவரத்தைப் பார்க்கும் வயர்ஷார்க் இவற்றோடு, அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் இலவசமாகத் தரும் பயிற்சி டிஸ்க் இமேஜ்களையும் (டிஸ்க்கின் முழு நகல்கள்) இறக்கிவிடுங்கள். கணினியின் மெமரி நகலை ஆராயும் வோலட்டிலிட்டி 3 வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் மெமரியைப் படிக்கத் தேவையான சிம்பல் கோப்பு (மெமரியில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் குறிப்பு) கையில் இல்லையென்றால் அது நெட்டில் போய்த் தேடும். கடலில் எங்கே போய்த் தேட? கிளம்புமுன் வீட்டிலேயே வைஃபையை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் எது முரண்டு பிடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

கோப்புகளில் பதியும் நேரத்தைக் கவனிக்காமல் விடுவதும் பெரிய தவறு. இதைப் பழகிப் பார்க்கக் கரையில் படிப்பவரைவிடக் கப்பல்காரருக்கு வசதி அதிகம். மேற்கே போகும் கப்பலில் கடிகாரத்தை அவ்வப்போது ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். லேப்டாப்பில் ஒருவர் அதை மாற்றியிருப்பார், இன்னொருவர் இந்திய நேரத்திலேயே வைத்திருப்பார். கோப்புகளை அடுக்கும் முறைகளில், ஃபாட்32 முறையில் உள்ள பென்டிரைவ் அந்தந்தக் கணினியின் உள்ளூர் நேரத்தையே பதியும். என்டிஎஃப்எஸ் முறை உலகப் பொது நேரமான யுடிசி நேரத்தைப் பதியும். ஆக, ஒரே ஃபாட்32 பென்டிரைவில் இருவரும் எழுதினால், பிறகு எழுதிய கோப்பு முன்பே எழுதியதுபோல் தெரியலாம். இதை உங்கள் பென்டிரைவிலேயே வேண்டுமென்று செய்து, உண்மையான வரிசையைக் கண்டுபிடித்து எழுதிப் பாருங்கள். காசு கொடுத்துச் சேர்ந்த வகுப்பில்கூட இவ்வளவு நல்ல பயிற்சி கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

தடயம் இருக்கும் மூல டிஸ்க்கையோ பென்டிரைவையோ நேரடியாகத் திறந்து நோண்டுவது பழைய தவறு, ஆனாலும் போகமாட்டேன் என்கிறது. பென்டிரைவை விண்டோஸில் செருகினாலே அதில் ஏதாவது எழுதப்பட வாய்ப்புண்டு. எழுதவிடாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் வழியாக இமேஜ் எடுத்து, எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் (தரவு மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்) குறித்து, நகலில்தான் வேலை செய்ய வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்புக்கென்றே இடம் இருக்கிறது. நாளைக்குக் கடலூர் நீதிமன்றத்திலோ புதுச்சேரி நீதிமன்றத்திலோ உங்கள் அறிக்கை போய் நின்றால், எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்கும்.

எஸ்எஸ்டி-யில் அழித்த கோப்பு திரும்பக் கிடைக்கவில்லை என்று இரண்டு இரவு தூக்கத்தைத் தொலைப்பதும் வேண்டாம். அழித்த இடத்தை எஸ்எஸ்டி-யே துடைத்துவிடச் செய்யும் டிரிம் வேலை செய்திருந்தால் அது போனது போனதுதான். மீட்டெடுக்கப் பழக சின்ன பென்டிரைவ் போதும். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்ற கடல் தொழிலாளர் விதியைப் படிப்புக்காக நீங்களே உடைக்காதீர்கள். அடுத்த வாட்சில் கண் சொக்கினால் ஆபத்து மற்றவர்களுக்கும்தான்.

அப்புறம் ஓடிபி. கடலில் இந்திய சிம்முக்கு எஸ்எம்எஸ் வராது. படிப்புக் கணக்கு, மெயில் எல்லாவற்றையும் நெட் இல்லாமலே போனில் குறியீடு தரும் ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாற்றி, பேக்கப் குறியீடுகளைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.